வடசென்னைக் கார்களில் பொட்டுத் துரு: ஒரு முதல்நிலை ஆய்வு

காரின் பானெட்டில் கடுகளவு பெயின்ட் பெயர்வது விபத்தா, வட்டார வழக்கமா? அறிஞர் உலகம் இதுவரை சீண்டாத கேள்வி இது. இராயபுரத்தைப் பொறுத்தவரை வட்டார வழக்கம்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகும் கார், ஒரு ஜல்லிக்கல்லையாவது வாங்கிக்கொண்டுதான் திருவொற்றியூர் சேரும்.

களத்தின் தகுதியில் ஐயமில்லை. ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில். 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில். 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து புதுக் கார்கள் பளபளவென்று கப்பலேறுகின்றன. இங்கேயே தங்கிவிடும் வண்டிகளின் கதை வேறு.

காரின் பெயின்ட், எல்லா அடுக்குகளும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான். இரண்டு தலைமுடிக் கனம். கல் பட்டுத் தகடு வெளியே தெரிந்துவிட்டால் கடற்காற்றின் உப்பு அந்தக் குழியில் குடியேறும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும்; மழையே வேண்டாம். காசிமேட்டு விடியற்காலைக்கு 75 எல்லாம் ஒரு பொருட்டா? துருவோ, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஓரத்துப் பெயின்ட் கொப்புளமாய் எழும்புவது அதனால்தான்.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்து அரிப்பை அளந்துவருகிறது. அதே ஆய்வை இராயபுரத்தில் தெருவோரக் கார்கள் சம்பளம் வாங்காமல் செய்கின்றன.

சிகிச்சையில் மூத்தது மறைப்பு மரபு: பொட்டின் மேல் ஸ்டிக்கர். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் மிகச் சரியாக அந்த இடத்திலேயே விழுவதும் இதன் கிளைதான். வேதியியல் நோக்கில் இது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டும் ஏற்பாடு. சிவப்புக் கார்க்காரர்களிடம் நகப்பூச்சு மரபுக்குச் செல்வாக்கு அதிகம். அவசரக்காரர்கள் துருவின் மேலேயே பட்டி இழுத்து பெயின்ட் அடிக்கச் சொல்வார்கள். மூன்றிலும் துரு உள்ளே சௌக்கியமாக இருக்கும்.

ஆய்வாளர் பரிந்துரைப்பது சற்றே சலிப்பான வழி. முதலில் உப்பைக் கழுவ வேண்டும். அதற்கு மெட்ரோ தண்ணீர். உவர்ப்பு ஏறிய போர் தண்ணீர் ஊற்றினால் உப்பை உப்பால் கழுவிய கதை. நகக்கண் அளவு உப்புத்தாளைப் பென்சிலின் பின்முனையில் ஒட்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை அந்தப் பொட்டை மட்டும் தேய்க்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி ஒரு சொட்டு. துடைத்துக் காயவிட்டு, பல்குச்சி நுனியால் பிரைமர், பிறகு கலர், கடைசியில் கிளியர். எல்லாமே மெல்லிசாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது. "வெள்ளைதானே சார்" என்று கடைக்காரர் எடுத்து நீட்டுவதை நம்பலாகாது. வெள்ளையில் பல வெள்ளை உண்டு. கலர் எண், பெரும்பாலும் கதவு நிலையிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டிய சீட்டில் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆகஸ்டு செப்டம்பரில் வெயில் பார்த்துச் செய்வது உசிதம். அதில் ஒரு பக்கவிளைவு உண்டு: ஆயுத பூஜையன்று பொட்டு வைக்க வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.