குறுக்கிடுதல் பற்றிய சிறுநூல்

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் கண்மாய்த் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுகிறவர்கள் யாரும் கணினி இயங்குதளத்தின் கருவான கெர்னலை எழுதியதில்லை. எழுதியிருந்தால் விண்டோஸ் 3.1 வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முறைத்தண்ணீரின் இலக்கணம் எளிது. ஒரு வயலுக்கு இத்தனை மணி நேரம். நேரம் முடிந்ததும் தண்ணீர் திருப்புகிறவர் மண்வெட்டியோடு வந்து வாமடையை அடைப்பார். "செத்த பொறுப்பா, அந்தக் கடைசிப் பாத்தி மட்டும் நனைஞ்சிடட்டும்" என்பார் வயல்காரர். "முறை முடிஞ்சுபோச்சுண்ணே" என்ற பதில் வருவதற்குள் மண் விழுந்திருக்கும். ஒப்புதல் கேட்கும் வழக்கம் இல்லை.

1992இல் வந்த விண்டோஸ் 3.1 ஒப்புதல் கேட்டது. ஓடுகிற விண்டோஸ் நிரல் தானே மனமிரங்கி இடம் விட்டால்தான் அடுத்ததற்கு முறை. கடைசிப் பாத்தி நனையாத நிரல் ஒன்று அகப்பட்டால் போதும், மற்றவை எல்லாம் காய்ந்தன. யூனிக்ஸ்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

அந்த மண்வெட்டிதான் டைமர் குறுக்கீடு. அதன் அருமை தெரிய ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மனம் தளர்ந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம். சிபியுவின் ஒரு கோரில் உங்கள் நிரல் ஓடும்போது அந்தக் கோரில் கெர்னல் ஓடவில்லை. மேலே உட்கார்ந்து கண்காணிக்கும் அதிகாரி என்று எவரும் கிடையாது. நினைவகத்தில் அசையாமல் கிடக்கும் கொஞ்சம் கட்டளைகள், அவ்வளவுதான் பேரரசு. பொறுப்பை ஒப்படைக்கும் முன்பு அது டைமரில் ஓர் எண்ணை எழுதிவிடுகிறது. எண் தீர்ந்ததும் சிபியு கைவேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கெர்னலிடம் வந்து நிற்கும். இறையாண்மை முழுக்க அந்த ஓர் எண்ணில் இருப்பதால்தான், டைமரைத் தொடவோ குறுக்கீட்டை அடைக்கவோ பயனர் நிரலுக்கு உரிமை தருவதில்லை.

இனி எண்ணின் குலவரலாறு. 1981இன் ஐபிஎம் பிசியில் இருந்தது இன்டெல் 8253 டைமர். அதன் துடிப்பு நொடிக்கு 11,93,182. ஏன் இப்படி ஓர் எண்? அமெரிக்கக் கலர் டிவியில் நிறத்தைச் சுமக்கும் அலையின் அதிர்வெண் 3.579545 மெகாஹெர்ட்ஸ். அதன் நான்கு மடங்கில் துடிக்கும் படிகம் ஒன்றை வைத்து, அதைப் பன்னிரண்டால் வகுத்துக்கொண்டார்கள். டைமரின் எண்ணி 16 பிட், உச்சம் 65,536. வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 18.2 குறுக்கீடுகள். இந்தியாவுக்கு 1982இல் கலர் டிவி வந்தபோது நாம் எடுத்துக்கொண்டது பால் என்ற ஐரோப்பிய முறை. ஆக, புதுக்கோட்டையில் ஓடிய பிசிகள் தம் காலத்தை அமெரிக்க நிறத்தாலும், அதே தெருவின் டிவிகள் தம் நிறத்தை ஐரோப்பிய முறையாலும் அறிந்தன. எவரும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

குறுக்கீட்டைக் கையாளும் நிரலுக்கும் ஒழுக்கம் உண்டு. வந்த வேலையைச் சுருக்கமாக முடிக்க வேண்டும், நீண்ட வேலையைப் பின்னால் தள்ள வேண்டும், தூங்கக் கூடாது. முக்கியமாக, வந்த குறுக்கீட்டுக்கு ரசீது தர வேண்டும். ரசீதை மறந்தால் கிடைக்கும் தண்டனை எந்திரத்துக்கு எந்திரம் மாறும். பழைய பிசியில் டைமருக்கே முதல் மரியாதை; அதற்கு ரசீது போகாவிட்டால் அடுத்த நிலையில் உள்ள கீபோர்டு உட்பட எல்லாரும் வரிசையில் காத்திருப்பார்கள். நிரந்தர அமைதி. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர் (அதன் சில்லில் 2018இல் லினக்ஸ் ஓடியது) பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் மரபில் நேர்மாறு. எம்டைம் என்ற எண்ணி ஏறிக்கொண்டே போகும். எம்டைம்கம்ப் என்ற பதிவேட்டில் எழுதிய எண்ணை அது எட்டினால் குறுக்கீடு. அங்கே புதிய, பெரிய எண்ணை எழுதும்வரை குறுக்கீடு ஓயாது. மறந்தவர் வெளியே வந்த கணமே மறுபடி உள்ளே இழுக்கப்படுவார்.

32 பிட் சில்லில் இன்னொரு நுட்பம். பதிவேடு 64 பிட் என்பதால் இரண்டு தவணையாக எழுத வேண்டும். பாதி எழுதிய நிலையில் எண் தற்செயலாகச் சிறுத்துவிட்டால் வேண்டாத குறுக்கீடு வந்து நிற்கும். எனவே முதலில் கீழ்ப்பாதியை உச்சத்துக்கு ஏற்றி, பிறகு மேல்பாதியை எழுதி, கடைசியில் கீழ்ப்பாதியின் உண்மை மதிப்பை இடுக என்கிறது மரபு. ஓர் அலாரம் வைக்க மூன்று முறை எழுத வேண்டும். நம் அலுவலகங்களோடு ஒப்பிட்டால் இது விரைவு.

நொடிக்கு எத்தனை முறை குறுக்கிடலாம் என்பதில் லினக்ஸ் உலகம் நெடுநாள் வழக்காடியது. இன்டெல் எந்திரங்களில் 100 என்று தொடங்கி, 2.6 பதிப்பில் 1000 ஆகி, 2005இல் இயல்பு மதிப்பு 250க்கு இறங்கியது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஜிஃபீஸ் என்ற எண்ணி ஒன்று கூடும். நொடிக்கு 1000 என்றால் 32 பிட் எண்ணி 49.7 நாளில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். இதை எதிர்பாராத நிரல்கள் நிலைகுலையும். 2012இல் தமிழக ஊர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. மின்வெட்டு எண்ணியை அன்றாடம் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடும். மின்சாரம் நிற்காத நாட்டினருக்காக லினக்ஸ் ஒரு தந்திரம் செய்தது: எண்ணியைச் சுழியத்தில் தொடங்காமல், நிரம்ப ஐந்து நிமிடம் இருக்கும் இடத்தில் தொடங்கியது. பிழை இருந்தால், எழுதியவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் வெளிப்பட்டுவிடும்.

வேலையற்றுத் தூங்கும் சிபியுவை நொடிக்கு இருநூற்றைம்பது முறை எழுப்பி "வேலை இல்லை" என்று தெரிவிப்பது மின்சார விரயம் என்று 2007இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன்பின் ஒற்றை வேலையில் மூழ்கிய கோரையும் தொந்தரவு செய்யாதிருக்க வழி கண்டார்கள். எனினும் கணக்கு வழக்குகளுக்காக நொடிக்கு ஒரு குறுக்கீடு மட்டும் விடாப்பிடியாக மிஞ்சியது. 2018இல் அந்த ஒன்றையும் வேறொரு கோரின் தலையில் கட்டினார்கள். அந்தக் கோரிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை.