பென்ஷன் துரை

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, மங்கி குல்லாயும் மப்ளருமாக, கையில் டேப்போடு கொல்லைப்புறம் இறங்குகிறாரே, அவர்தான் பென்ஷன் துரை. நீலகிரியில் அருவங்காடு, கேத்தி, வெலிங்டன் பக்கம் வீதிக்கு ஒருவராவது தேறுவார். எஸ்டேட் துரைக்கு ஏக்கர் கணக்கு. இவருக்கு வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட், அதுவும் சறுக்குமரம் மாதிரி சரிவு.

ஊட்டி தாவரவியல் பூங்கா 55 ஏக்கர். 1848இல் வந்த தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் அதை உருவாக்கப் பத்து வருஷம் போல எடுத்துக்கொண்டார். நம் துரை அடுத்த மே மாத மலர்க்கண்காட்சிக்குள் முடித்துவிடலாம் என்கிறார். நாற்பது பக்க நோட்டில் பட்டியல் தயார்: புல்தரை, ரோஜா வளைவு, மீன் குளம், மூங்கில் குடில், நடுவில் நீரூற்று. கையிருப்பு ₹1 லட்சம். மகளான எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மனைவிக்குத் தெரிந்தது ₹60,000.

மேஸ்திரி வந்தார். பட்டியலை வாங்கிப் படித்தார். சரிவைப் பார்த்தார். "மொதல்ல கல்கட்டு சார்" என்றார்.

துரைக்கு முகம் சுண்டிவிட்டது. கல்கட்டு முன்னால் நின்று யார் போட்டோ எடுப்பார்கள்? ஆனால் 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி மலை சரிந்ததைப் பார்த்த மனிதர் மேஸ்திரி. அவரிடம் வாதாட முடியுமா? சுவர், அதற்கு அடித்தளம், உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற நடுநடுவே குழாய்த் துளை, மேலே ஒரு வாய்க்கால். லாரி வராத சந்தில் கல்லைத் தலைச்சுமையாக இறக்கிய கூலி தனி. ஜே.சி.பி. இறக்கலாமென்றால் இந்த மாவட்டத்தில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். வாங்குவதற்குள் அடுத்த ஊதியக் குழுவே வந்துவிடும். ஆக, லட்சத்தில் முக்கால்வாசி மண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த மலையில் யார் தோட்டம் போட்டாலும் இதுதான் கணக்கு என்பது என் கட்சி.

மிச்சப் பணத்தில் புல்தரை. ஜனவரி உறைபனி ஒரே வாரத்தில் அதைக் கருக்கி எடுத்தது. பூங்காவில் செய்வதுபோல மிலார் செடி கொண்டு மூடலாமே என்றேன். "செடிக்கு மூடுவாங்க. தரைக்கு மூடினா அப்புறம் எதைப் பார்க்கறது?" என்றார். நியாயம்தான். மழைக்குத் துளிர்த்த புல்லை, முக்கால் டன்னுக்குக் குறையாத காட்டெருமை ஒன்று இரவோடு இரவாக வந்து சமன்படுத்திவிட்டுப் போனது. குளம் தோண்டும் வேலையை அதன் குளம்புகளே பாதி முடித்திருந்தன.

ஆனால் காசே கேட்காத செடிகளும் இங்கே உண்டு. மண் புளிப்பு, ஹைட்ராஞ்சியா தானாகவே நீலமாகப் பூக்கும். ஜெரேனியத்தில் ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும். காலை நடையில் துரையின் கை அடுத்தவர் வேலிக்குமேல் நீள்வதும், ஸ்வெட்டர் பை வீங்கியிருப்பதும் இதனால்தான். எஸ்டேட் லைன் வீட்டு வாசல்களில் பழைய பெயின்ட் டப்பாவில் பூத்துக் குலுங்குவதும் அதே ஜெரேனியம்தான். துரை மட்டும் அதைச் சீமைத் தொட்டியில் வைக்க ₹900 கொடுத்தார்.

இதற்கிடையில் அம்மா ஒரு மூலையில் கேரட், முட்டைக்கோஸ், கொத்தமல்லி போட்டுவிட்டார். "கார்டன்ல கோஸா?" என்று துரை கொதித்தார். அவருக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன்: அந்தத் தாவரவியல் பூங்காவே, 1840களில் ஊட்டி வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, மலிவாகக் காய்கறி கிடைக்க வேண்டுமென்று ஆரம்பித்த தோட்டத்திலிருந்து வந்ததுதான். துரை கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா மட்டும் உள்ளேயிருந்து, "ஏங்க, அந்தச் சந்தாவை மாசாமாசம் எங்கிட்ட குடுத்துடுங்க" என்றார்.

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் ஓய்வு பெற்றார். டேப்போடு வந்தவரைத் துரை கையமர்த்தி உட்காரவைத்தார். "மொதல்ல கல்கட்டு சார்" என்று ஆரம்பித்து, குழாய்த் துளை வரை அரைமணி நேரம் விளக்கினார். மேஸ்திரி பெயர் வரவேயில்லை.

"அப்போ நீரூற்று?" என்றார் வந்தவர்.

துரை நோட்டைப் பிரித்தார். மற்றதெல்லாம் அடித்திருந்தது, அந்த ஒரு வரி மட்டும் அப்படியே இருந்தது. குரலைத் தாழ்த்தி, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "டி.ஏ. அரியர்ஸ் வரட்டும்."