ஒரு டிகிரி

தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் உப்பளம். அப்பா எப்போதும் கையோடு வைத்திருந்தது, அடியில் குண்டு வைத்த ஒரு கண்ணாடிக் குழாய். பாத்தித் தண்ணீரை டப்பாவில் மொண்டு அதில் மிதக்கவிடுவார். கடல் தண்ணீரென்றால் 3 டிகிரி காட்டும். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்கக் குழாய் மேலே எழும்பும். "25 வந்துட்டு" என்று அவர் சொல்லும்போது, பாத்தியின் மேல் ஆடைபோல் மெல்லிசாக உப்பு படர்ந்திருக்கும். அது உப்பின் டிகிரி. சூட்டை எதற்கு அளக்க? வெறுங்காலுக்கே தெரியுமே.

அப்போது மழைக்கு நாள் இருந்தது. ஐப்பசி பிறக்குமுன் உப்பு அம்பாரத்தின் மேல் பனையோலை வேய்ந்துவிடுவோம். மார்கழியில் மழை ஓயும். தை பிறந்தால் பாத்தி மிதிக்க இறங்குவோம். முந்தியும் பிந்தியும் பெய்த வருஷங்கள் உண்டுதான். "தப்புன வருசம்" என்பார் அப்பா. அப்படியென்றால் தப்பாத வருஷம் என்றும் ஒன்று இருந்தது.

எங்கள் மழையில் சுமத்ராவுக்கும் பங்குண்டு என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து வீசும் காற்று, வெதுவெதுப்பான தண்ணீரைச் சுமத்ரா பக்கம் ஒதுக்கி வைத்திருக்கும். சில வருஷங்களில் அந்தக் காற்று தளர்ந்து எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். அங்கே ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். சூடு ஆப்பிரிக்கக் கரைக்கு நகரும். 1999-ல் சாஜி, யமகாடா முதலிய ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். இந்தியப் பெருங்கடல் இருமுனை என்பது இதற்குப் பெயர். 1997-ல் இது உச்சத்துக்குப் போனபோது இந்தோனேசியாவில் காடு எரிந்தது, கிழக்கு ஆப்பிரிக்காவை வெள்ளம் கொண்டுபோனது. நமக்கு இப்படிப்பட்ட வருஷங்களில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை கூடும்.

இந்த ஊசலாட்டம் அப்பாவின் காலத்திலும் இருந்ததுதான். ஆனால் ஆடுகிற தண்ணீர் இப்போது அதே தண்ணீர் இல்லை. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடேறியிருக்கிறது. உலகக் கடல்களின் சராசரியோ 0.7. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரம் சுமக்கும். ஒரு டிகிரிதானே என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. 24-ல் பாத்தியில் இருப்பது தண்ணீர். 25-ல் உப்பு. எங்கள் வீட்டுச் சோறு அந்த ஒரு டிகிரியில் இருந்தது.

2023, மார்கழி முதல் நாள். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவும் இருமுனையும் சேர்ந்து வந்த வருஷம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் மாவட்டம் ஒரு வருஷம் முழுக்கக் காணுகிற மழையைவிட அது அதிகம். கடலின் சூடு ஒன்றுதான் காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காமல் அந்த மழையைப் பேசவும் என்னால் முடியாது.

வெள்ளம் வடியத் தொடங்கியதும் அண்ணனோடு அளத்துக்குப் போனேன். இப்போது ஓலைக்குப் பதில் தார்ப்பாய். அது மட்டும் சேற்றில் கிடந்தது, உள்ளே இருந்த அம்பாரம் கரைந்து போயிருந்தது. "வரப்பு எதுன்னே தெரியலயே, தம்பி" என்றார் அண்ணன். பிறகு பையிலிருந்து அப்பாவின் குழாயை எடுத்து, டப்பாவில் தண்ணீர் மொண்டு உள்ளே விட்டார். அது முங்கி, சுழியத்தில் போய் நின்றது.