டொக்டர் பிள்ளைக்கு அப்புவின் புத்தி

வா பிள்ளை, இப்பிடித் திண்ணையில இரு. மூண்டாம் வருசம், ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போகத் தொடங்கியிட்டியாம் எண்டு கொம்மா சொன்னவள். முதல் புத்தி இதுதான்: அந்தக் கழுத்துக் குழாயைப் பையின்ர அடியில வை. போன முறை அது வெளியால தெரிய பஸ்ஸால இறங்கினபடியாத்தான் சந்தியில மூண்டு பேர் கையை நீட்டிப் பிரஷர் பாக்கச் சொன்னவை. குழாயால மட்டும் பிரஷர் பாக்கேலாது எண்டு நீ விளங்கப்படுத்தப்போய், “பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் படிப்பிக்கேல்லைப் போல” எண்டு பேர் வந்ததுதான் மிச்சம்.

இன்னொண்டு. இரவிரவாகக் குப்பி நடக்குது எண்டு போனில சொல்லாதை. சீனியர்மார் சும்மா பாடம் சொல்லிக் குடுக்கிறதுக்கு உங்கட கம்பஸ்காரர் வைச்ச பேராம். கொம்மம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிட்டாள். வன்னியில அந்தச் சொல்லைக் கேட்டால் ஆக்களுக்குக் கழுத்தில கட்டின சயனைட்டுத்தான் ஞாபகம் வரும்.

கோட்டாவில வந்தனி எண்டு ஆரும் குத்தினால் கோவிக்காதை. நூறு இடத்தில நாப்பது நாடு முழுக்கப் போட்டி, அம்பத்தைஞ்சு மாவட்டத்துக்கு, மிச்சம் அஞ்சு எங்கட கிளிநொச்சி மாதிரிப் பின்தங்கின மாவட்டங்களுக்கு. “உனக்கு நாலு ரியூசன் வாத்திமார் எடுத்துத் தந்த மாக்ஸ், எனக்கு நானே எடுத்த மாக்ஸ்” எண்டு சொல்லிப்போட்டுச் சிரி.

கலியாணப் பேச்சு இப்பவே வருது. டொக்டர் பொம்பிளை வேணுமாம், சீதனமும் வேணுமாம். மாப்பிள்ளைக்கு என்ன வருத்தமெண்டு நீயே பார்த்துச் சொல்லு.

இனிப் பகிடி இல்லை, கவனமாக் கேள். விடியக்காலமை ஒருத்தன் வயித்து நோவெண்டு வருவான். பனடோலைக் குடுத்து அனுப்பிப்போடாதை. இரவு எங்க படுத்தனி எண்டு கேள். நிலத்தில, பாயில எண்டால் அவன்ர கண் மடலைப் பார். கண்ணைத் திறக்கேலாமல் மடல் விழுதெண்டால் எட்டடி விரியன். கடிச்சு எட்டடி வைக்கிறதுக்குள்ள சாவு எண்டுதான் பேர். உண்மையில கனபேருக்குக் கடிச்சதே தெரியாது, நோகாது, காயமும் தெரியாது. விடியமட்டும் நித்திரை கொள்ளுவினம். பிறகு மூச்சு இழுக்கிற தசையும் சோர்ந்துபோகும், மெசின் வைச்சுத்தான் காப்பாத்தவேணும். இதை உன்ர புத்தகத்திலயும் எழுதியிருப்பினம். ஆனால் சோதினையில பாம்பு எண்டு எழுதித்தான் கேப்பினம், இஞ்ச வாறவன் வயித்து நோ எண்டுதான் சொல்லுவான்.

உங்கட யாழ்ப்பாண மெடிக்கல் பக்கல்டி துவங்கினது 1978 இல. அதுக்கு நூறு வருசத்துக்கு மேல முன்னமே அமெரிக்காவில இருந்து கிறீன் வைத்தியர் எண்டு ஒருத்தர் வந்தவர், 1847 இல. மானிப்பாயில இருந்து முதல் இங்கிலீசிலதான் படிப்பிச்சார். படிச்சு முடிச்சவை அரசாங்க உத்தியோகம் தேடிப் போயிட்டினம். மனுசன் யோசிச்சார். வைத்தியப் புத்தகங்களையே தமிழில ஆக்குவிச்சு, தமிழிலயே படிப்பிக்கத் துவங்கினார். தமிழில வைத்தியம் படிச்சவன் ஊரை விட்டு எங்க போகப்போறான் எண்டு கணக்கு. கள்ளன், என்ன மூளை! உங்களுக்கு எண்டால் ஏ.எல். மட்டும் தமிழ், பிறகு அஞ்சு வருசம் இங்கிலீசு, ஒரு வருசம் இன்ரேன், அதோட பிளேன் ரிக்கற். 2022 இல காசு முடை வந்த பிறகு நாட்டை விட்டுப் போன டொக்டர்மார் கொஞ்சநஞ்சமே?

போகாதை எண்டு நான் சொல்லேல்லை. லண்டன் குளிர் நல்லதாம், அங்க எட்டடி விரியனும் இல்லையாம். முழங்காவில் ஆஸ்பத்திரி கிட்டத்தான் எண்டதையும் நான் சொல்ல வரேல்லை. ரோட்டுக்கரைக் காணியின்ர பேர்மிட்டைத்தான் நேற்று எடுத்துப் பார்த்தனான். பின்னுரித்தாளி எண்ட இடம் இன்னும் வெறுமையாக் கிடக்கு. உன்ர மச்சான்காரன் கிழமைக்கொருக்கா வந்து என்ர காலை அமத்திவிடுறான், பாவம். இன்ரேன் முடியுமட்டும் பேனையைத் தொடமாட்டன். தேத்தண்ணி ஆறுது, குடி.