கனடாவில் பால் ஓடாது

அக்காவின் கல்யாணம் 1991இல் மாத்தளையில் நடந்தது. நல்லபடியாக நடந்ததா என்று பாரிஸ் மாமாவிடம் கேட்டால் இன்றும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். மணப்பெண் கறுப்புச் சேலையில் தாலி வாங்கியதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தவர் அவர்.

வீடியோ எடுக்க ஆள் பிடித்தது அப்பா. தோளில் ஒரு கமெரா, பின்னால் லைட் பிடிக்க ஒரு பையன். அந்த லைட் யார் மேல் விழுந்தாலும் அவர்கள் அந்த இடத்திலேயே சிலையாகிவிடுவார்கள். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட ஊற்றுவதை நிறுத்தாமல் சிலையானதால், வாங்கியவர் இலை குளமாகி வேட்டி வரைக்கும் வந்தது. இதெல்லாம் மூன்று மணி நேரம் ஓடும் ஒரு கசட்டில் அடங்கியது. அதிலிருந்து மூன்று கொப்பி அடித்தோம். ஒன்று டொரொண்டோ சித்தப்பாவுக்கு, ஒன்று பாரிஸ் மாமாவுக்கு, ஒன்று கோத்தகிரிப் பெரியப்பாவுக்கு. தபாலில் போட்டால் போய்ச் சேருமா என்ற பயத்தில், பயணம் போகிறவர்கள் கையில்தான் கொடுத்துவிட்டோம். மாத்தளையிலிருந்து யார் வெளிநாடு போனாலும் பெட்டியில் மிளகு, கறுவா, ஏலக்காய் இல்லாமல் போக முடியாது. கசட்டும் அந்த மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு போனது. போய்ச் சேர்ந்த பிறகு அதைத் திறந்தாலே வட்டிலப்பம் வாசம் வந்ததாம்.

சித்தப்பா 83 கலவரத்துக்குப் பிறகு கனடா போனவர். எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. தெருமுனை ஹார்ட்வெயார் கடைக்குத்தான் கோல் எடுப்பார். கடைப் பையன் ஓடிவந்து சொல்ல, அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்த முகம் சரியில்லை.

"படம் உருளுதாம். எல்லாருக்கும் தலை கீழேயும் கால் மேலேயும் வந்து வந்து போகுதாம். ஐயர் மந்திரம் சொல்றது பஸ்ஸைத் தவற விடப் போறவர் சொல்றமாதிரி இருக்காம்."

டீவி பாஸிடம் போனோம். எங்கள் பக்கம் கைவேலைக்காரர் எல்லோரும் பாஸ்தான். அவர் சூட்டுக்கோலைக் கீழே வைக்காமலே காரணத்தைச் சொன்னார். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் நம் டீவி ஒரு வினாடிக்கு 25 படம் காட்டும். அங்கே 60 ஹெர்ட்ஸ், அதனால் 30 படம். நம் படத்தில் 625 கோடு, அவர்கள் படத்தில் 525. அங்குள்ள முறைக்கு என்.டி.எஸ்.சி. என்று பெயர், நம்முடையது பால். நம் கொப்பியை அங்கே டெக்கில் போட்டால் டேப் அவசரமாக ஓடும், சத்தம் கீச்சிடும், படம் நிற்காது. "கனடாவில பால் ஓடாது" என்று முடித்தார்.

இதை நான் வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி இடிப்பதை நிறுத்தினார்.

"அப்ப பச்சப் புள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்குறாளுக?"

விளக்கம் சொல்லிப் பயனில்லை. அடுத்த பயணக்காரர் பெட்டியில் ஒரு பால்மா பக்கெட்டும் ஏறியது.

இதில் எனக்குப் பெரிய கோபம் ஜப்பான்மேல். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது நிலையத்தைக் கட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் வீட்டில் பார்ப்பது என்.டி.எஸ்.சி.; நமக்குக் கட்டிக்கொடுத்தது பால். விருந்தாளிக்கு அவர் வீட்டுச் சமையலையே செய்து போடுவது நல்ல பழக்கம்தான். ஆனாலும் எங்கள் சித்தப்பாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பாரிஸ் விஷயம் இதைவிட மோசம். பிரான்சில் 625 கோடு, 25 படம், எல்லாம் நம்மைப் போலத்தான். அதனால் படம் உருளாது, ஐயரும் நிதானமாகவே மந்திரம் சொல்வார். நிறத்துக்கு மட்டும் அவர்கள் செக்காம் என்று தனியாக ஒரு வழி வைத்திருந்தார்கள். நம் கசட்டை அங்கே போட்டால் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். கறுப்பு வெள்ளையில் சிவப்புக் கூறைச்சேலை என்ன நிறம்? மாமா கடிதத்தில் மாப்பிள்ளையை மெச்சி, சாப்பாட்டை மெச்சி, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: "அக்கா, காலம் மாறிப்போச்சு, நான் ஒண்ணும் சொல்லல்ல, இருந்தாலும் கறுப்பு வேணாம்." அம்மா அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, கூறைச்சேலை ஓரத்திலிருந்து ஒரு சிவப்பு நூலை உருவிப் பதில் கடிதத்தோடு வைத்து அனுப்பினார். உலகத்தில் செக்காமுக்கு எதிராக எழுந்த குரல்களில் அது மிகச் சின்னது.

எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடக்கூடிய ஒரே நாடு இந்தியா. அங்கேயும் பால்தான். பெரியப்பா சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அதில் ஒருவர் அவர். பிறகு கனடாவில் 525 கோட்டில் சித்தப்பாவின் படமும் போனதிலிருந்து அந்த எண்ணைக் கண்டால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஆவதில்லை. ஆக, கசட் கோத்தகிரிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பெரியப்பா வீட்டில் டீவி இல்லை. டெக்கும் இல்லை. அவர் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி காட்டினார். மூன்று பேரில் குறை சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

சித்தப்பா விடவில்லை. மாற்றி அனுப்பச் சொன்னார். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கடையில் பாலை என்.டி.எஸ்.சி. ஆக்கித் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, மாத்தளையில் காலை ரயில் ஏறினேன். அந்தப் பாதை மாத்தளையோடு முடிகிறது. எங்களுக்கு எந்தப் பயணமும் திரும்பிப் போவதில்தான் தொடங்கும். கடைக்காரர் ஒரு வாரம் கழித்துப் புதுக் கசட் ஒன்றைத் தந்தார். அதன்மேல் 120 என்று போட்டிருந்ததை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. நிமிடக் கணக்கு அது. மூன்று மணி நேரக் கல்யாணத்தை அவர் இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டிருந்தார். அறுகரிசி வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு பந்தி, குரூப் போட்டோ, மொய் எல்லாம் போச்சு.

மொய் போனதுதான் வினை. எங்கள் பக்கம் கல்யாணத்தில் மைக் வைத்து மொய் வாசிப்பார்கள். சித்தப்பா அக்காவுக்கு மோதிரம் செய்துபோடச் சொல்லி அம்மாவிடம் காசு அனுப்பியிருந்தார். அதைச் சபையில் வாசிப்பதைக் கேட்கத்தான் மனுஷன் இவ்வளவு பாடும் பட்டிருக்கிறார். "அண்ணி, எல்லாம் தெளிவா இருக்கு. நான் மட்டும் இல்லை" என்றார் போனில். பிறகு இரண்டு வருஷம் பேசவில்லை.

பேசத் தொடங்கியதும் பழிக்குப் பழியாக அவர் ஒரு கசட் அனுப்பினார், பேரனின் முதல் பிறந்தநாள். அது என்.டி.எஸ்.சி. எங்கள் பழைய டெக்கில் அது மெதுவாக ஓடியது. வாழ்த்துப் பாட்டை எல்லோரும் கிணற்றடியிலிருந்து பாடினார்கள். அப்பாயி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, செத்தது யார் என்று விசாரித்தார்.

அதன்பிறகு சீடி வந்தது, ஒரு கல்யாணத்துக்கு மூன்று தட்டு. டீவீடி வந்தது, அதிலும் பால், என்.டி.எஸ்.சி. சண்டை தீரவில்லை. அந்தக் கதையை விடுகிறேன்.

மாத்தளை ஈரத்தில் கசட்டுக்கு ஆயுசு இல்லை. பூஞ்சணம் பிடித்துவிடும். டவுனிலிருந்து தம்புள்ள ரோட்டில் கொஞ்சத் தூரம் போனால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் பிக்குகள் திரிபிடகத்தை ஓலையில் எழுதி வைத்த இடம். பூச்சி அரித்தால் இன்னோர் ஓலையில் பார்த்து எழுதினார்கள். எந்த ஓலையும் உங்கள் நாட்டில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்கவில்லை. அங்கே ஓலையில் எழுதிக் காட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அக்கா கல்யாணத்தையும் இப்படி எழுதி வாங்கியிருக்கலாமோ என்று நினைப்பேன்.

2023இல் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது மாஸ்டர் கசட் அகப்பட்டது. வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். கண்டியில் ஒருவர் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தார். முன்பகுதி போய்விட்டது என்றார், கடைசி ஒரு மணி நேரம்தான் தேறியது. பந்தி, குரூப் போட்டோ, மொய்.

வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வெட்டிச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. திறக்கவில்லை என்றார். ஏவிஐ கோப்பு, அவர் கையில் ஐபோன். என் மகன் அதை எம்பி4 ஆக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, இதற்கா முப்பது வருஷம் என்பதுபோல் என்னைப் பார்த்தான். திரும்ப அனுப்பினோம்.

கால் மணி நேரத்தில் வீடியோ கோலில் வந்தார். நெற்றியும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. சந்தோஷத்தில் அழுதிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"மகன், அந்த மைக்காரன் வாசிக்கிறத நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன் சித்தப்பா. கனடாவிலிருந்து மணமகளின் சித்தப்பா, அரைப் பவுண் மோதிரம்."

"நான் காசு அனுப்பினது ஒரு பவுணுக்கு."

அம்மாவுக்கு வயது எண்பத்தொன்று, காது மட்டும் நல்ல காது. பக்கத்துக் கதிரையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் மெதுவாகச் சொன்னார்:

"அது பால்ல எடுத்ததுடா. அங்க சத்தம் மாறித்தான் கேக்கும்னு சொல்லு."