அட்டவணைக்குள் அடங்காத கடற்கரை

கோல்ஃப் ஆட்டமும் கோல்ஃப் பயணத்தைத் திட்டமிடுதலும் நெருங்கிய உறவுடையனபோல் தோன்றினாலும், முன்னதில் தேர்ந்தவர் பின்னதிலும் தேறிவிடுவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பின்னதற்கு வேண்டியவை முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் பிடிப்பவரின் முன்யோசனையும், சம்பந்தி வீட்டாரை அனுசரித்துப் போகிறவரின் பொறுமையுமே ஆகும். இவ்விரண்டையும் ஒருசேரச் சோதிப்பதற்கு, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஃபோர்த், டே என்னும் இரு கழிமுகங்களுக்கிடையே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஃபைஃப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

அப்பகுதியின் பெருமைக்குக் காரணம் லிங்க்ஸ் எனப்படும் நிலம். கடலுக்கும் உழுநிலத்துக்கும் நடுவே, மணல்மேடும் முரட்டுப் புல்லுமாகக் கிடந்து, விவசாயத்துக்கு உதவாமல் போன இந்தப் புறம்போக்கில் அவ்வூரார் ஆடு மேய்த்தனர், முயல் வளர்த்தனர், எஞ்சிய நேரத்தில் பந்தடித்தனர். 1552இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் அளித்த சாசனம் முயல் வளர்ப்பையும் கோல்ஃபையும் ஒரே மூச்சில் பேசுகிறது. இன்றைய பயணி பார்க்கும் பள்ளமும் மேடும் பெரும்பாலும் காற்றும் மணலும் செய்தவை என்பதால், இரண்டு ஆடுகளங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பழைய மீனவர் கிராமமான கிரெயிலில் 1895இல் ஓல்ட் டாம் மாரிஸ் வகுத்த களம் கடற்பாறையை ஒட்டி ஓடுகிறது. சற்றே தள்ளி 2000இல் திறக்கப்பட்ட கிங்ஸ்பார்ன்ஸ், பண்ணை நிலத்தைப் புரட்டிப் போட்டு, நூறாண்டுப் பழமை தெரியும்படி புதிதாகச் செய்யப்பட்டது. கரையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் லேடிபேங்கிலோ கடலே கிடையாது, பைன் மரங்களும் ஹெதர் புதர்களுமே பந்தை விழுங்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டுள்ளன.

இந்நாட்டில் கோல்ஃபுக்கும் ஒழுங்குமுறைக்கும் உள்ள பகை மிகப் பழையது. மக்கள் வில்வித்தைப் பயிற்சியைக் கைவிடுகிறார்கள் என்று 1457இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் பாராளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடைசெய்தது. அதே தடை 1471இலும் 1491இலும் மறுபடி பிறப்பிக்கப்பட்டது என்பதிலிருந்தே அதை எத்தனை பேர் மதித்தார்கள் என்பதை ஊகிக்கலாம். 1502இல் நான்காம் ஜேம்ஸ் தாமே மட்டைகள் வாங்கினார் என்றும், விற்றவர் பெர்த் நகரத்து வில் செய்யும் தொழிலாளி என்றும் அரண்மனைக் கணக்கு கூறுகிறது; வில்லைக் காப்பாற்றப் பிறந்த சட்டம், வில் செய்பவருக்கே மட்டை வியாபாரம் அமைத்துக் கொடுத்ததோடு நிறைவுற்றது.

இக்கட்டுரை கவனத்தில் கொள்ளும் நால்வரும் இவ்வரலாற்றை அறியாதவர்கள். கோல்ஃபில் ஒரு குழுவுக்கு நான்கு பேர் என்பது வழக்கம். அந்நால்வரில் ஒருவர் எக்செல் தெரிந்தவராக இருப்பது விதி. அத்தகையவரை இங்குத் திட்டக்காரர் எனலாம். அவர் ஏழு நாளுக்கு ஏழு நிறங்கள் தீட்டி, சிற்றுண்டி, புறப்பாடு, முதல் அடி, மதிய உணவு, சூப் ஆறும் நேரம் என்பனவற்றையெல்லாம் கட்டம் கட்டமாக நிரப்பி, பதினொன்றாம் திருத்தம் என்ற பெயருடன் மற்ற மூவருக்கும் அனுப்பினார். அம்மூவரும் முதல் திருத்தத்தையே இன்னும் திறந்து பார்க்கவில்லை என்பது பின்னர்தான் தெரியவந்தது.

பன்னிரண்டாம் திருத்தத்துக்குக் காரணமாக அமைந்தது செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ். உலகெங்கும் கோல்ஃபுக்கு 18 குழிகள் என்று நிலைபெற்றதற்கு 1764இல் இங்கு 22 குழிகளை 18ஆகக் குறைத்ததே மூலம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு கிரீன் என்று பெயர். இக்களத்தில் 14 குழிகள் ஏழு கிரீன்களில் இரண்டிரண்டாகக் குடித்தனம் நடத்துகின்றன, அப்படிச் சேர்ந்திருக்கும் குழிகளின் எண்களைக் கூட்டினால் ஒவ்வொரு முறையும் 18 வரும். இக்கணக்கைக் கண்டு திட்டக்காரர் நெகிழ்ந்துபோனார். தம் அட்டவணையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஊர் ஒன்று உலகில் உண்டு என்று நம்பினார்.

அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. ஓல்ட் கோர்ஸ் தனியார் சொத்தன்று, ஊருக்குப் பொதுவானது. ஆகையால் அங்கு ஆடும் இடங்களில் கணிசமான பகுதி குலுக்கல் மூலமே வழங்கப்படுகிறது, அதன் முடிவும் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 48 மணி நேரம் முன்புதான் தெரியும். ஆறு மாதம் முன்னரே சூப் ஆறும் நேரத்தை நிர்ணயித்த ஒருவரிடம், வாழ்நாள் கனவு நிறைவேறுமா என்பது இரண்டு நாள் முன்னர்தான் தெரியும் என்று சொல்வது எத்தகைய கொடுமை என்பதை விளக்க வேண்டியதில்லை. குலுக்கலைத் தவிர்க்க எண்ணிய அவர், கூட்டம் குறைவாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்களம் ஆட்டத்துக்கு மூடப்பட்டு ஊர்ப் பூங்காவாகிவிடும். 300 பவுண்டுக்கு மேல் கட்டணம் கொடுத்தும் அயலார்க்கு எளிதில் கிட்டாத புல்தரையில், அன்று உள்ளூர் நாய்கள் குலுக்கலும் இன்றிக் கட்டணமும் இன்றி உலாவும்.

ஹாண்டிகேப் என்பது அடுத்த சிக்கல். ஒரு களத்தை முடிக்கத் தேர்ந்த ஆட்டக்காரருக்கு இத்தனை அடி போதும் என்று வகுத்த எண்ணிக்கைக்கு பார் என்று பெயர். அதற்கு மேல் ஒருவருக்கு எத்தனை அடி மன்னிக்கப்படலாம் என்பதைக் காட்டும் எண்ணே ஹாண்டிகேப். வரன் பார்க்கும்போது ஜாதகம் கேட்பதுபோல் இங்கே இதற்குச் சான்று கேட்பார்கள். நால்வரும் பல ஆண்டுகளாக ஒருவரிடம் ஒருவர் சொல்லிவந்த எண்ணும் சான்றில் இருந்த எண்ணும் வேறுவேறாக இருந்தமை, பயணத்தின் முதல் மனக்கசப்பை விமானம் ஏறுவதற்கு முன்னரே விளைவித்தது.

சுமைகளைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகமில்லை: விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம், அவற்றுள் நான்கைத் தவிர மற்றவை மன ஆறுதலுக்கானவை. மட்டைப் பையைச் சுமந்து, காற்றின் போக்கையும் தரையின் சூதையும் சொல்லித்தரும் உள்ளூர்த் துணைவரைக் குறிக்கும் caddie என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்பது இதைவிடக் கடினமான வினா. காடி என்றால் புளித்த கஞ்சி நினைவுக்கு வருகிறது, கேடி என்றால் காவல் நிலையப் பலகை நினைவுக்கு வருகிறது. ஆட்டம் முடிந்த பின் கூலியை எண்ணிக் கொடுக்கும்போது இரண்டாம் எழுத்துமுறையே பொருத்தம் என்று நால்வரில் ஒருவர் கருதினார். முதல் குழியிலேயே அவருடைய பந்தை முட்புதரிலிருந்து மீட்டெடுத்தவர் அத்துணைவரே என்பதால் அக்கருத்தை ஏற்பதற்கில்லை.

திட்டத்தில் இடம்பெறாமல் வந்து சேர்ந்த இடமே ஈலி. சாலையில் திருப்பம் தவறியதால் வாய்த்த இக்களத்தில், முதல் அடி அடிக்கும் இடத்துக்கு எதிரே ஒரு மேடு அப்பாலுள்ளதையெல்லாம் மறைத்து நிற்கிறது. முன்னே சென்றவர்கள் போய்விட்டார்களா என்று அறியாமல் அடித்தால் யாருடைய முதுகிலாவது பந்து இறங்கும். இதற்குக் கண்ட தீர்வு, எக்ஸ்காலிபர் என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பைக் கொண்டுவந்து, ஆட்டம் தொடங்கி வைப்பவரின் குடிலில் கூரையைத் துளைத்து நிறுத்தியதாகும். பகைக் கப்பலைத் தேடுவதற்கென்று செய்த குழாயில் கண்ணை ஒட்டி, பிடியை மெல்லத் திருப்பினால், மேட்டுக்கு அப்பால் தன் பந்தைக் காணாமல் இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒரு முதியவர் தெளிவாகத் தெரிவார். திட்டக்காரர் அதனருகே கால் மணி நேரம் நின்றார். எதிரே வருவதை முன்கூட்டியே காட்டும் ஒரே கருவியை அவர் அன்றுதான் கண்டார்.

டே கழிமுகத்துக்கு அப்பால் கர்னூஸ்டிக்கு ஒரு நாள் சென்றதற்கு, 1999இல் அங்கு நடந்த ஓப்பன் என்னும் பெரும் கோல்ஃப் போட்டியே காரணம். கடைசிக் குழிக்கு மூன்று அடி முன்னிலையுடன் வந்த பிரெஞ்சு வீரர் ழான் வான் டெ வெல்டே, ஆறு அடியில் முடித்தாலே கோப்பை என்ற நிலையில், பந்து பாரி ஓடையில் விழ, காலணியையும் காலுறையையும் கழற்றி நீரில் இறங்கி நின்று யோசித்து, ஏழு அடியில் முடித்து, பின்னர் நடந்த கூடுதல் ஆட்டத்தில் பால் லாரியிடம் தோற்றார். திட்டமின்மையின் விளைவுக்கு இதைச் சான்றாகத் திட்டக்காரர் காட்ட, திட்டம் போட்டு ஓடையில் இறங்க முடியாது என்று மற்றவர்கள் மறுத்தனர். அதே ஓடையில் நால்வரும் சேர்ந்து இழந்த பந்துகள் ஏழு.

காற்றைப் பற்றி அட்டவணையில் ஒரு கட்டமும் இல்லை. ஓப்பன் போட்டி நடைபெறும் ஜூலையின் பிற்பாதி தமிழ் நாட்காட்டியில் ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், 46 கிராமுக்கும் குறைந்த பந்து எவ்வளவு நேரம் சொன்ன பேச்சைக் கேட்கும்? காற்று ஓய்ந்தால் ஹார் என்னும் கடல்மூடுபனி வந்து அடித்தவரையே மறைத்துவிடுகிறது.

குலுக்கலில் பெயர் வராத ஐந்தாம் நாள் பிற்பகலுக்கு, ஓல்ட் கோர்ஸை ஒட்டிய சிறு களம் ஒன்று முன்னரே மாற்றாகக் குறிக்கப்பட்டிருந்தது. பெண்கள் முழு ஆட்டம் ஆடுவது அழகன்று என்று கருதப்பட்ட காலத்தில், 1867இல் உருவான செயின்ட் ஆண்ட்ரூஸ் மகளிர் சங்கத்தின் களம் அது. பந்தை உருட்டி மட்டுமே ஆடும் அப்புல்தரையின் மேடுபள்ளங்களை வைத்து ஊரார் அதை இமயமலை என்று அழைக்கின்றனர். சில பவுண்டு கட்டணத்தில் எட்டு வயதுக் குழந்தைகளிடம் நால்வரும் தோற்ற அந்தப் பிற்பகலில்தான் பயணத்தில் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தனர். ஊரில் அட்டவணையைப் படித்த ஒரே ஆளான திட்டக்காரரின் மனைவி, “ஐந்தாம் நாள்: இமயமலை” என்று கண்டு, குரங்குக் குல்லாய் நான்கைப் பெட்டியின் அடியில் வைத்தனுப்பியிருந்தார், மூன்று மணிக்கு ஹார் இறங்கியதும் நால்வரும் அவற்றை எடுத்து மாட்டிக்கொண்டனர்.