குற்றம் பல்லின் மேல்தானா?

கே: பல் மருத்துவமே ஐந்து வருடப் படிப்பு. அதற்கு மேல் வலிக்கென்று தனியாக ஒரு படிப்பா?
– கல்லூரி மாணவி, வேலூர்

ப: பல்லைப் படிக்க ஐந்து வருடம். ‘வலி எங்கிருந்து வருகிறது’ என்பதைப் படிக்க அதற்குள் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே ‘ஓரோஃபேஷியல் பெயின் ரெசிடென்சி’. நம் பேச்சில் சொன்னால், வாய்–முக வலிக்கான உயர் பயிற்சி. அமெரிக்காவில் பொதுவாக 2 ஆண்டு, முழுநேரம். தாடை மூட்டு, மெல்லும் தசைகள், முக நரம்புக் கோளாறுகள், தலைவலி, தூக்கத்தில் மூச்சு அடைப்பது என்று அத்தனையும் அதில் உண்டு. டிரில்லுக்கு வேலை குறைவு. காதுக்கு வேலை அதிகம்.

கே: இது புதிதாக முளைத்த துறையா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

ப: அங்கீகாரம் புதிது, துறை பழையது. அமெரிக்காவில் 2020 மார்ச்சில்தான் இதைப் பல் மருத்துவத்தின் 12வது சிறப்புத் துறையாக ஏற்றார்கள். ஆனால் இதற்கான அமெரிக்க அகாடமி 1975லேயே தொடங்கிவிட்டது. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஓக்கிசன் 1977ல் வலிக்கென்றே ஒரு மையம் அமைத்தார். தாடை மூட்டுக் கோளாறுகள் பற்றி அவர் எழுதிய பாடநூலை நம் ஊர் மாணவர்களும் புரட்டுகிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து காட்டிய பிறகு கிடைத்த நாற்காலி அது.

கே: கடைவாய்ப்பல் வலித்தது. பிடுங்கினேன். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுத்துவிடலாமா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

ப: வேண்டாம் அம்மா. வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். பிடுங்கியும் வலி நிற்கவில்லை என்றால், அந்தப் பல் நிரபராதியோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதற்காக அடுத்த பல்லைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

ரெசிடென்சியில் முதலில் பழக்குவதே இதைத்தான். வலிக்கிறது என்று காட்டும் பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். உதடு மரத்துவிட்டது, பல்லும் மரத்துவிட்டது. “இப்ப வலி?” “அப்படியேதான் இருக்கு டாக்டர்.” பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அடுத்து பயிற்சி மருத்துவர் கன்னத்தில், தாடைக் கோணத்துக்குச் சற்று மேலே, இரண்டு விரலை வைப்பார். பல்லைக் கடித்தால் புடைக்குமே, அந்தத் தசை. அதில் ஓரிடம் கயிறு முறுக்கியது போல இறுகியிருக்கும். அதை அழுத்திப் பிடித்துச் சில விநாடி எண்ணுவதற்குள் நோயாளி கையைத் தூக்குவார்: “இதேதான்! அந்தப் பல்லுதான் வலிக்குது!” தொட்டது கன்னத்தை, வலித்தது பல்.

காரணம் இதுதான். பல், தசை, மூட்டு என்று எல்லாவற்றின் சேதியும் முக்கிளை நரம்பு வழியாக மூளைத்தண்டில் ஒரே திண்ணையில் வந்து இறங்குகிறது. யார் அனுப்பியது என்பதை மூளை சில நேரம் மாற்றிப் படித்துவிடுகிறது.

படித்து முடித்த புதிதில் ஒரு பெரியவருக்கு நான் எடுத்த கடைவாய்ப்பல்லை இன்னும் மறக்க முடியவில்லை. கையில் வாங்கிப் பார்த்தேன்: சொத்தை இல்லை, விரிசல் இல்லை. மறுவாரம் அதே வலியோடு வந்து நின்றார். அன்றைக்கு அவர் கன்னத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால் அந்தப் பல் அவர் வாயிலேயே இருந்திருக்கும். இந்தப் பயிற்சியைப் பற்றி இவ்வளவு ஆசையாக எழுதுவதற்கு அவர்தான் காரணம்.

கே: பல் தேய்க்கும்போது, முகம் கழுவும்போது கன்னத்தில் மின்னல் வெட்டுவது போல வலி. ஒரு நிமிடம்கூட இருப்பதில்லை, ஆனால் உயிர் போகிறது.
– பேருந்து நடத்துநர், சேலம்

ப: நீங்கள் சொல்வது முக்கிளை நரம்பு வலியின் அடையாளம். பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரே 1756லேயே இதை எழுதிவைத்தார். இதற்கு வேர் சிகிச்சை மருந்தல்ல. நரம்பு மருத்துவரைப் பாருங்கள். நரம்பை ரத்தக்குழாய் அழுத்துகிறதா, வேறு கட்டி உண்டா என்று எம்ஆர்ஐ எடுப்பார்கள். 1960களிலிருந்து கார்பமசெபின்தான் இதற்கு முதல் மாத்திரை. ஆசிய மரபினர் சிலருக்கு அது தோலே உரியும் அளவுக்குக் கடும் ஒவ்வாமை தரலாம். மரபணுச் சோதனையில் அதை முன்பே கண்டுபிடிக்க வழி உண்டு. அதனால் மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

கே: வாயைத் திறந்தால் காதோரம் ‘டக்’ என்று சத்தம். ஆபரேஷன் வேண்டுமா?
– ஐ.டி. ஊழியர், கோவை

ப: வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது என்றால் அந்தச் சத்தத்தோடு நிம்மதியாக வாழலாம். வாய் பூட்டிக்கொண்டால், மெல்லும்போது வலித்தால் மட்டும் வாருங்கள். அப்போதும் முதலில் மென்மையான உணவு, தாடைப் பயிற்சி, ஒத்தடம், தேவைப்பட்டால் இரவில் பல்லுக்குப் போடும் கார்டு. எல்லாமே பின்னால் நிறுத்திக்கொள்ளக்கூடியவை. இந்த நிதானம் பட்டறிந்து வந்தது. 1934ல் செயின்ட் லூயிஸ் நகரின் காது–மூக்கு–தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், தாடை மூட்டுத் தொல்லைக்குப் பல் இழப்பால் கடி தாழ்வதே காரணம் என்றார். அந்த எண்ணத்தில் பல பத்தாண்டுகள் நல்ல பற்களை ராவிக் கடியைத் திருத்தினார்கள். 1980களில் அமெரிக்காவில் தாடை மூட்டுக்குள் டெஃப்ளான் பூசிய செயற்கைத் தகடு வைத்தார்கள். அது உள்ளே தேய்ந்து சிதறி எலும்பையே அரித்தது. 1990களின் தொடக்கத்தில் திரும்பப் பெற்றார்கள். ராவிய பல் திரும்ப வளராது.

கே: எல்லா ஸ்கேனும் சரியாக இருக்கிறது, ‘வலி உன் மனசுலதான்’ என்கிறார்கள்.
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

ப: ஸ்கேனில் தெரியாத வலியும் வலிதான். தாடைக் கோளாறுகளுக்கு 2014ல் வந்த சர்வதேச நோயறி முறை நோயாளியை இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்கிறது: ஒன்று தசையும் மூட்டும், இன்னொன்று கவலை, மனச்சோர்வு, அன்றாட வேலை எவ்வளவு முடங்கியது என்பது. இரண்டாவதைக் கேட்பது வலி பொய் என்பதால் அல்ல, நாள்பட்ட வலி மனதையும் வாட்டும் என்பதால். அதனால்தான் இந்த ரெசிடென்சியில் நரம்பியல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர் எல்லோரோடும் சேர்ந்து வேலை பழகுகிறார்கள். உங்களை நம்புகிற மருத்துவரைத் தேடுங்கள்.

கே: எந்தத் தாடை வலிக்கு உடனே ஓட வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

ப: மாடிப்படி ஏறினால் தாடை வலித்து, உட்கார்ந்தால் அடங்கினால் அது இதயமாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டில் தலைவலி, உணவை மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது என்று வந்தால் பொட்டு ரத்தக்குழாய் அழற்சியோ என்று பார்க்க வேண்டும். தாமதித்தால் கண் போகும். இரண்டுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கே: நான் பி.டி.எஸ். முடித்தவள். இதைப் படிக்க வழி?
– இளம் பல் மருத்துவர், மதுரை

ப: நம் நாட்டில் எம்.டி.எஸ். பிரிவுகள் ஒன்பது. வாய்–முக வலி அதில் தனிப் பிரிவாக இல்லை. ‘ஓரல் மெடிசின்’ பிரிவில்தான் கொஞ்சம் படிக்கலாம். அமெரிக்காவில் வெளிநாட்டுப் பல் மருத்துவர்களைச் சேர்க்கும் ரெசிடென்சிகள் உண்டு. சில இடத்தில் உதவித்தொகை, சில இடத்தில் நீங்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும். அங்கேயே தொழில் செய்யும் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள் என்பது என் ஆசை. இங்கே உங்களுக்காக வலியோடு காத்திருப்பவர்கள் ஏராளம்.

கே: சாதாரண ஆள் நான் என்ன செய்யலாம்?
– தையல்காரர், ராஜபாளையம்

ப: இரண்டே காரியம். எப்போது வலித்தது, என்ன செய்தபோது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள். பல்லை எடுக்க வேண்டும் என்று சொன்னால் பணிவாக ஒன்று கேளுங்கள்: “இந்தப் பல்தான் காரணம்னு எப்படி உறுதி பண்ணீங்க டாக்டர்?” நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். இன்னொரு முறை பரிசோதிப்பார்.